அலைக்கு மூன்று அளவுகள்: துறைமுகங்கள் கற்பித்த கணக்கு

துறைமுகம் ஒன்றைக் கட்ட முனைவோர் முதலில் கேட்கும் கேள்வி, "இவ்விடத்தில் எவ்வளவு உயரமான அலை வரும்?" என்பதே. கேள்வி எளியது, விடை எளியதன்று. கடலுக்குள் எழுப்ப வேண்டிய அலைதடுப்புச் சுவரின் உயரம், அதன் முகப்பில் அடுக்க வேண்டிய கல்லின் எடை, அதற்காகும் பொருட்செலவு, உள்ளே நிற்கும் கப்பலின் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் அவ்விடையைப் பொறுத்தே அமைகின்றன. விடை குறைந்துவிட்டால் சுவர் இடியும். மிகுந்துவிட்டால் பொருள் வீணாகும்.

இன்று அவ்விடையைக் கணிப்பொறியின் துணைகொண்டு பெறுகிறோம். காற்றின் வேகம், திசை, கடலின் ஆழம் ஆகியவற்றை எண்களாக அதற்குள் இட்டால், எந்த இடத்தில் எத்தகைய அலை எழும் என்பதை அது கணக்கிட்டுச் சொல்கிறது. இதனை 'எண்வழி அலைக் கணிப்பு' எனலாம். ஆயினும், இக்கணிப்பின் பெருமை கணிப்பொறியின் விரைவில் மட்டும் இல்லை. மேலே கூறிய முதற்கேள்வியே குறையுடையது என்று மனிதன் உணர்ந்ததில்தான் அது பெரிதும் அடங்கியிருக்கிறது. அலைக்கு உயரம் ஒன்றே அளவு அன்று. எத்திசையினின்று வருகிறது என்பதும், ஒரு முகடு சென்று மறுமுகடு வர எத்தனை விநாடி ஆகிறது என்பதும் அதற்குரிய அளவுகளே. உயரம், திசை, காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அலையை நாம் அறிந்தவர் ஆவோம்.

இவ்வுண்மையை நூல்களைவிட, இடிந்த சுவர்களே மிகுதியாகக் கற்பித்துள்ளன. ஸ்காட்லாந்தின் விக், தமிழகத்தின் சென்னை, போர்த்துக்கல்லின் சீனிஷ் ஆகிய மூன்று துறைமுகங்களின் வரலாற்றைக் கொண்டு அதனை ஈண்டு விளக்குவோம்.

விக்: எடையை நம்பிய சுவர்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் விக் என்னும் ஊர் உண்டு. மீன்பிடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் விரிகுடா, கிழக்கே வட கடலை நோக்கித் திறந்து கிடக்கிறது. 1863-இல் அங்கே ஓர் அலைதடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினர். அப்பணியை ஏற்றவர்கள், கலங்கரை விளக்கங்கள் கட்டுவதில் புகழ்பெற்ற ஸ்டீவன்சன் குடும்பத்தார். அவர்களுள் ஒருவரான தாமஸ் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' என்னும் கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தையாவார்.

தாமஸ் ஸ்டீவன்சன் அலையை அளந்து பாராமல் கட்டியவர் அல்லர். சுருள்வில் பொருத்திய கருவி ஒன்றை அமைத்து, பாறைமீது மோதும் அலையின் விசையை அளந்தவர் அவர். 1845 மார்ச்சு 29-ஆம் நாள் ஸ்கெரிவோர் பாறையில் அக்கருவி சதுர அடிக்கு 6,083 பவுண்டு விசையைக் காட்டிற்று. ஒரு சதுர அடிக்கு இரண்டே முக்கால் டன்னுக்குச் சற்றே குறைந்த விசை அது. 1852-இல் அவர் அலையின் உயரத்திற்கும் ஒரு விதி வகுத்தார். கரைக்கு எதிரே காற்றுத் தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பின் நீளத்தைக் கடல் மைல்களில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்கினால், அலையின் உயரம் அடிக்கணக்கில் கிடைக்கும் என்பது அவ்விதி. நூறு கடல் மைல் நீளமுள்ள பரப்பாயின் வர்க்கமூலம் 10. எனவே அலை 15 அடி.

இவ்விதியில் ஓர் உண்மை உண்டு. காற்று ஓடும் நீர்ப்பரப்பு நீண்டால் அலை வளரும். இதனை நாம் நம் நாட்டிலேயே காணலாம். மலாக்கா நீரிணை குறுகியது. பினாங்குத் துறைமுகம் தீவுக்கும் பெருநிலத்திற்கும் இடையே அமைந்தது. கிள்ளான் துறைமுகத்திற்குத் தீவுகள் அரணாக உள்ளன. கிழக்குக் கரையின் நிலை வேறு. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் நீண்ட பரப்பின்மேல் நாட்கணக்கில் வீசிக் கரையை அடைகிறது. அதனால்தான் குவாந்தான் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் இன்றியமையாதன ஆயின.

ஆனால், ஸ்டீவன்சன் விதியில் காற்றின் வேகம் இல்லை. அது எத்தனை மணிநேரம் வீசிற்று என்பதும் இல்லை. நூறு மைல் பரப்பில் மெல்லிய காற்று வீசினாலும் சூறாவளி வீசினாலும் விதி தரும் விடை ஒன்றே. விக் துறையில் 1872 டிசம்பரில் எழுந்த புயலில், சுவரின் முனையில் இரும்புக் கம்பிகளால் பிணைத்துக் கட்டியிருந்த 1,350 டன் எடையுள்ள பகுதி முழுதும் ஒரே கட்டியாகப் பெயர்ந்து உள்ளே விழுந்தது. அவ்விடத்தில் 2,600 டன் எடையுள்ள கட்டியை அமைத்தனர். 1877-இல் அலை அதனையும் பெயர்த்தது. அச்சுவர் முற்றுப்பெறவே இல்லை. எடையை இரட்டிப்பதால் மட்டும் கடலை எதிர்க்க இயலாது என்பது அங்கே தெளிவாயிற்று. எவ்வளவு எடை வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன், எத்தகைய அலை வரும் என்று கணிக்கும் வழி வேண்டியிருந்தது.

சென்னை: திசையை மறந்த வாயில்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. நேரான மணற்கரை, ஓயாத அலை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. நம் முன்னோருள் பலர் மலாயாவுக்குக் கப்பலேறிய இத்துறையில் 1876-இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. கடலுக்குள் இரு சுவர்கள் நீண்டு, கிழக்கு நோக்கி ஒரு வாயிலை விட்டு வளைந்தன. பணி முடிவை நெருங்கிய வேளையில், 1881 நவம்பரில் வந்த புயல் அச்சுவர்களின் பெரும்பகுதியைச் சிதைத்தது.

சுவர்களை மீண்டும் எழுப்பினர். வாயில் மட்டும் கிழக்கு நோக்கியே இருந்தது. திறந்த கடலின் அலை நேரே உள்ளே புகுந்தது. சுவர் இருந்தும் கப்பல்கள் உள்ளே அமைதியாக நிற்க முடியவில்லை. 1904-இல் துறைமுகக் குழுவின் தலைமையை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதுவாயில் திறக்கப்பட்டது. அலையின் உயரத்தை யாரும் குறைக்கவில்லை. வாயிலின் திசையை மாற்றினர்.

திசை தந்த பாடம் அத்துடன் முடியவில்லை. கரைக்குச் சாய்வாக வரும் அலை, மணலையும் கரையோரமாகத் தள்ளிச் செல்கிறது. சென்னைக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் அலைகள் அதனைத் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முழுவதற்கும் வரவு செலவு பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. துறைமுகச் சுவர் அம்மணலின் வழியில் குறுக்கே நின்றது. ஆகவே சுவரின் தெற்கே மணல் தேங்கி, இன்று நாம் காணும் அகன்ற மெரினாக் கடற்கரை உருவாயிற்று. வடக்கே மணல் வரவு நின்றதால் ராயபுரம் பகுதியில் கடல் கரையை அரித்தது. மெரினாவில் உலவுவோர் மகிழும் மணலும், ராயபுரத்து மீனவர் இழந்த நிலமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

போர்க்காலத்தில் பிறந்த கணிப்பு

உயரமும் திசையும் இருக்கட்டும். காலம் என்னும் மூன்றாம் அளவின் அருமை எவ்வாறு புலப்பட்டது?

இரண்டாம் உலகப்போரில் படைகளைக் கடல்வழியே கரையிறக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. கரையில் அலை மிகுந்தால் படகுகள் கவிழும். வீரர் போரிடும் முன்னரே மாள்வர். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் நார்வே நாட்டறிஞர் ஸ்வெர்டிரப்பும் அவருடைய மாணவர் வால்ட்டர் மங்க்கும் இதனை ஆராய்ந்தனர். காற்றின் வேகம், அது வீசிய நேரம், அது ஓடிய நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றையும் கொண்டு அலையின் உயரத்தையும் காலத்தையும் முன்கூட்டிச் சொல்லும் முறையை வகுத்தனர். அம்முறையில் பயிற்சி பெற்ற வானிலையாளர்கள், 1944 ஜூன் 6-இல் நடந்த நார்மண்டிக் கரையிறக்கத்திற்கான அலைக் கணிப்பில் பங்கு கொண்டனர்.

கடலில் ஓர் அலையைப்போல் மற்றோர் அலை இருப்பதில்லை. எனில் "அலையின் உயரம்" என்று எதனைச் சொல்வது? உயர்ந்த அலைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்வது என்று அவர்கள் கொண்டனர். பழகிய மாலுமி கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லும் உயரத்தோடு இது பெரிதும் ஒத்திருந்தது. இதனை இக்கட்டுரையில் 'முதன்மை உயரம்' என்போம். இது பேரலையின் உயரம் அன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பத்து விநாடிக்கு ஓர் அலையாக மூன்று மணிநேரப் புயலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அலைகள் வரும். அவற்றுள் மிகப் பெரியது, முதன்மை உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கு இருக்கலாம். முதன்மை உயரம் 9 மீட்டர் என்றால், இடையே 17 மீட்டர் அலை ஒன்றையும் எதிர்பார்க்க வேண்டும்.

இனிக் காலத்திற்கு வருவோம். ஆழ்கடலில் அலையின் காலத்தை விநாடியில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, பின் 1.56-ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 8 விநாடி அலைக்கு நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். 16 விநாடி அலைக்கு 400 மீட்டர். காலம் இரட்டித்தால் நீளம் நான்கு மடங்காகிறது. வேகமோ இரட்டிக்கிறது: முன்னது விநாடிக்கு 12.5 மீட்டர், பின்னது 25 மீட்டர். அலைக்கூட்டமாகச் செல்லும் ஆற்றல் இவ்வேகத்தில் பாதி வேகத்தில் செல்லும். அவ்வாறாயினும், 16 விநாடி அலைக்கூட்டம் ஒரே நாளில் 1,080 கிலோமீட்டர் கடந்துவிடும்.

இதனால் விளைவது யாது? புயலில் பிறந்த பலவகை அலைகளுள் நீண்டவை முந்திச் செல்கின்றன. குறுகியவை பின்தங்கித் தேய்கின்றன. தொலைவிலுள்ள கரையில், காற்றே இல்லாத நாளில், ஒழுங்கான நீண்ட அலைகள் வந்து சேர்கின்றன. 1963-இல் மங்க்கும் அவருடன் உழைத்தோரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவைக் கருவிகளை அமைத்து, தென்கடலில் எழுந்த புயல்களின் அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து 10,000 கிலோமீட்டருக்கும் அப்பால் அலாஸ்காவை அடைவதைக் கண்டனர். ஆகவே ஒரு துறைமுகத்தின் அலையை அறிய அவ்வூர்க் காற்றை மட்டும் பார்த்தால் போதாது.

கடலின் வரவு செலவு

கடற்பரப்பு ஒழுங்கின்றித் தோன்றுகிறது. வெவ்வேறு காலமும் வெவ்வேறு திசையும் கொண்ட எண்ணற்ற எளிய அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதே அத்தோற்றத்திற்குக் காரணம். வெள்ளொளியை முப்பட்டைக் கண்ணாடி நிறங்களாகப் பிரித்துக் காட்டுவதுபோல், கடலலையையும் கணக்கினால் அதன் கூறுகளாகப் பிரிக்கலாம். எந்தக் காலமுடைய அலையில், எந்தத் திசையில், எவ்வளவு ஆற்றல் உள்ளது என்று காட்டும் அட்டவணையை அலை நிறமாலை என்பர். 1950-களில் பியர்சன் முதலியோர் இம்முறையை வளர்த்தனர். 1957-இல் பிரெஞ்சு வானிலையாளர் ஜெல்சி இதனை எண்வழிக் கணிப்பாக்கினார்.

அக்கணிப்பு நடக்கும் முறையை ஒரு கடைக்காரரின் பேரேட்டைக் கொண்டு விளக்கலாம். கடற்பரப்பு முழுவதையும் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு பேரேடு. எடுத்துக்காட்டாக, காலத்தை 25 வகுப்பாகவும் திசையை 24 வகுப்பாகவும் பகுத்தால், ஒரு பேரேட்டில் 600 பற்றுவழிகள் உள. ஒவ்வொன்றிலும் இருப்பாக நிற்பது அலையாற்றல்.

இருப்பு எவ்வாறு மாறுகிறது? முதலாவது, காற்று தரும் வரவு. இரண்டாவது, அலை நுரைத்து உடைவதால் ஏற்படும் செலவு. ஆழம் குறைந்த இடத்தில் தரையோடு உராய்வதும் அச்செலவில் சேரும். மூன்றாவது, ஒரு பற்றுவழியிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும் மாற்று. நான்காவது, அடுத்த கட்டத்திலிருந்து வந்து சேர்வதும் அடுத்த கட்டத்திற்குச் செல்வதும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லாப் பேரேடுகளையும் புதுப்பித்துக்கொண்டே போனால், நாளைய கடலின் நிலை கிடைத்துவிடும். கட்டங்கள் பல்லாயிரம், ஒவ்வொன்றிலும் 600 கணக்கு. இதனை மனிதர் கையால் செய்ய முடியாது என்பது வெளிப்படை.

இந்நான்கனுள் மூன்றாவதே நுட்பமானது. அலைகள் ஒன்றையொன்று கடந்து போகும்போது, குறிப்பிட்ட பொருத்தமுடைய நான்கு அலைகள் தமக்குள் ஆற்றலைப் பரிமாறிக்கொள்கின்றன என்பதை 1962-இல் ஜெர்மானிய அறிஞர் ஹாசல்மன் கணிதத்தால் காட்டினார். வட கடலில் சில்ட் தீவுக்கு அப்பால் பல நாட்டார் கூடிச் செய்த அளவைகள் 1973-இல் வெளியாகி அதனை உறுதிப்படுத்தின. புயல் நீடிக்க நீடிக்க அலைகள் உயர்வதோடு நீள்வதும் ஏன் என்பது இதனால் விளங்கிற்று: குறுகிய அலைகளில் சேரும் ஆற்றலில் ஒரு பகுதி, இம்மாற்றினால் நீண்ட அலைகளின் கணக்கில் ஏறுகிறது. இம்மாற்றை நேரே கணக்கிடும் 'வாம்' என்னும் கணிப்புமுறை 1988-இல் வெளிவந்தது. கரையோரப் பகுதிக்கென்று ஹாலந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் 'ஸ்வான்' என்னும் முறை உருவாயிற்று. இவை இரண்டும் இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றன.

சீனிஷ்: காலம் தந்த அடி

போர்த்துக்கல்லின் அட்லாண்டிக் கரையில், எண்ணெய்க் கப்பல்களுக்காக 1970-களில் சீனிஷ் துறைமுகம் கட்டப்பட்டது. அதன் பெரிய அலைதடுப்புச் சுவர் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுடையது. 50 மீட்டர் ஆழம் வரை சென்றது. முகப்பில் அடுக்கியவை 'டோலோஸ்' என்னும் கான்கிரீட்டுக் கட்டிகள். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் 1960-களில் தோன்றிய இக்கட்டி, குறுக்கே முறுக்கிவைத்த இரு கால்களும் இடையே ஒரு தண்டும் உடையது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால், எடை குறைவாயினும் அலையைத் தாங்கும் என்பது அதன் சிறப்பு. சீனிஷில் இட்ட கட்டி ஒவ்வொன்றும் 42 டன். முதன்மை உயரம் 11 மீட்டர் உள்ள புயலைத் தாங்குமாறு சுவர் வகுக்கப்பட்டிருந்தது.

1978 பிப்ரவரி 26-ஆம் நாள், பணி முடியும் தறுவாயில் ஒரு புயல் வந்தது. அதன் முதன்மை உயரம் வகுத்திருந்த 11 மீட்டரை எட்டவில்லை என்றே பின்னர் மதிப்பிட்டனர். இருந்தும் டோலோஸ் அடுக்கின் பெரும்பகுதி உடைந்தும் சரிந்தும் போயிற்று. விக் சுவர் விழுந்தபோது அலையைக் கணிக்கும் முறை இல்லை என்று கூறி அமையலாம். சீனிஷ் விழுந்தபோது கணிப்பு இருந்தது. மாதிரி அமைத்துச் செய்த சோதனையும் இருந்தது. எனவேதான் அவ்வீழ்ச்சி உலகெங்கும் துறைமுகப் பொறியாளர்களை விழிக்கச் செய்தது.

ஆராய்ந்தோர் ஒரு காரணம் அன்று, பல காரணங்களைக் கூறினர். அவற்றுள் இரண்டு நம் மாணவர்க்கும் விளங்கக்கூடியன.

முதலாவது, அலைநீளம். நீளத்தில் பாதியளவு ஆழம் வந்ததும் அலை கடற்தரையை 'உணர'த் தொடங்குகிறது. 100 மீட்டர் நீளமுள்ள 8 விநாடி அலை, 50 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணரும். ஆதலின் சீனிஷ் சுவரின் ஆழமான பகுதியை அது ஏறக்குறைய மாறாமலே அடையும். 16 விநாடி அலையோ 200 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கிவிடும். தரையில் உள்ள மேடுபள்ளங்கள் அதனை வளைக்கும். குவிவில்லையில் பட்ட ஒளி ஓரிடத்தில் திரள்வதுபோல், வளைந்த அலைகள் சில இடங்களில் குவியும். சில இடங்களில் விரியும். ஒரே உயரமுள்ள இரு புயல்கள், காலம் வேறுபட்டால், ஒரே சுவரில் வெவ்வேறு இடத்தை வெவ்வேறு வலிமையோடு தாக்கும். உயரம் ஒன்றையே பார்ப்பவர்க்கு இது தெரியாது.

இரண்டாவது, கட்டியின் வலிமை. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இரட்டித்தால் அதன் எடை எட்டு மடங்காகிறது. குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்கே ஆகிறது. ஆகவே பொருள் பெரிதாகப் பெரிதாக, தன் எடைக்கு ஈடான வலிமையை இழக்கிறது. சோதனைத் தொட்டியில் அலையால் ஆடியும் உடையாத சிறு டோலோஸ், கடலில் 42 டன்னாக வளர்ந்து ஆடும்போது இடையில் முறிந்துவிடும். முறிந்தபின் கோத்துநிற்கும் பண்பு ஏது?

அக்காலத்தில் கட்டியின் எடையைக் காண, அமெரிக்கப் பொறியாளர் ஹட்சன் வகுத்த சூத்திரமே பெரும்பாலும் கையாளப்பட்டது. அதன்படி, வேண்டிய எடை அலையுயரத்தின் கனத்திற்கு ஏற்ப வளரும்; உயரம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. ஆனால் அச்சூத்திரத்தில் அலையின் காலம் இடம்பெறவில்லை. 1988-இல் ஹாலந்தின் வான் டெர் மேர், கல்லடுக்குச் சுவர்களுக்கென வெளியிட்ட சூத்திரங்களில், காலமும் புயல் நீடிக்கும் நேரமும் இடம்பெற்றன. ஸ்டீவன்சன் தம் விதியை வகுத்து 136 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சுவருக்கு உள்ளேயும் வெளியேயும்

காலத்தின் ஆட்சி சுவரோடு நிற்பதில்லை. வாளியில் நீரை எடுத்துக்கொண்டு நடக்கும் சிறுவனைப் பாருங்கள். நடையின் வேகம் ஓரளவில் அமைந்தால் நீர் மேன்மேலும் தளும்பிச் சிந்துகிறது. நடையைச் சற்று மாற்றினால் அடங்குகிறது. வாளி நீருக்கு ஓர் இயல்பான ஆட்டக்காலம் உண்டு. நடை அதனோடு ஒத்துப்போவதே தளும்பலுக்குக் காரணம். துறைமுகமும் ஒரு பெரிய வாளியே. ஓரிரு நிமிடமோ அதற்கு மேலோ காலமுடைய, கண்ணுக்குப் புலப்படாத நீண்ட அலைகள் வாயில் வழியே புகுந்து, துறையின் இயல்பான காலத்தோடு ஒத்துவிட்டால், கட்டிய கப்பல் முன்னும் பின்னும் இழுபட்டு வடம் அறும். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் துறையில் 1940-களில் இத்தொல்லை பெரிதாயிருந்தது. இத்தகைய தளும்பலைச் சுவரின் உயரத்தைக் கூட்டித் தடுக்க இயலாது. துறையின் வடிவத்தையும் நீளத்தையும் தக்கவாறு அமைக்க வேண்டும். ஆகவே ஒரு துறையைக் கட்டும் முன் அதன் வடிவத்தைக் கணிப்பொறியில் வரைந்து, எந்தக் காலமுடைய அலைக்கு அது தளும்பும் என்று கண்டறிகின்றனர்.

கடலோடும் கப்பலுக்கும் இஃதொக்கும். ஊஞ்சலில் நின்று ஆடும் சிறுமி, யாரும் தள்ளாமலே ஆட்டத்தைப் பெருக்கிக்கொள்கிறாள். ஒருமுறை போய்வருவதற்குள் இருமுறை முழங்காலை மடக்கி நிமிர்கிறாள், அவ்வளவே. முன்னும் பின்னும் அகன்று, நடுவில் நேராக அமைந்த சரக்குப் பெட்டகக் கப்பல்களுக்கும் இது நேரலாம். அலைமுகடு நடுவில் வரும்போது கப்பலின் நிமிரும் ஆற்றல் குறைகிறது. பள்ளம் நடுவில் வரும்போது மிகுகிறது. கப்பல் ஒருமுறை பக்கவாட்டில் ஆடித் திரும்புவதற்குள் இரண்டு அலைகள் எதிர்ப்பட்டால், ஊஞ்சலைப்போல் ஆட்டம் பெருகும். 1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏ.பி.எல். சைனா என்னும் கப்பல் இவ்வாறு ஆடி, ஏறத்தாழ 400 பெட்டகங்களைக் கடலில் இழந்தது. இத்தகைய ஆட்டத்தைத் தவிர்க்க, மாலுமி அலையின் உயரத்தோடு காலத்தையும் திசையையும் அறிந்து, வேகத்தையோ போக்கையோ மாற்ற வேண்டும். இக்காலக் கணிப்பு மூன்றையும் அவருக்குத் தருகிறது.

கணிப்பின் எல்லை

கணிப்பொறி சொல்வதனால் அது உண்மையாகிவிடாது. இட்ட காற்று பிழையானால் பெற்ற அலையும் பிழையாகும். கடற்தரையின் வரைபடம் பழையதானால், கரையோரக் கணக்கு தவறும். எனவே மிதவைகளும் செயற்கைக் கோள்களும் நாள்தோறும் அளந்து தருவனவற்றைக் கொண்டு கணிப்பைச் சரிபார்த்துத் திருத்துகின்றனர். அன்றியும், இக்கணிப்பு தருவது நிறமாலையே. இந்த நிமிடத்தில் இந்தக் கப்பலை எந்த அலை தாக்கும் என்பதை அது சொல்லாது. 1995 சனவரி 1-ஆம் நாள் வட கடலில் டிராப்னர் என்னும் எரிவாயு மேடையில், முதன்மை உயரம் ஏறத்தாழ 12 மீட்டராக இருந்த வேளையில், 25.6 மீட்டர் உயரமுள்ள ஒற்றை அலை கருவியில் பதிவாயிற்று. அத்தகைய அலை எவ்வளவு அரிதாக வரும் என்று கணிக்கலாம். எப்போது வரும் என்று கூற இயலாது. மேலும், 2004 டிசம்பர் 26-இல் நாம் கண்ட ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது. காற்றலைக்குரிய இக்கணக்கு அதற்குப் பொருந்தாது. அதற்குக் கணக்கு வேறு.

நம் ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஒரு நீண்ட தட்டில் நீர் ஊற்றி, ஒரு சிறு பலகையால் மெதுவாகவும் விரைவாகவும் தட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரே அளவு விசையோடு தட்டினாலும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நீர் தட்டைத் தாண்டி வழிவதை மாணவர் காண்பர். பின்பு பலகையைச் சாய்த்துத் தட்டினால், நீர் வழியும் மூலை மாறுவதையும் காண்பர். "அலை எவ்வளவு உயரம்?" என்று கேட்கும் மாணவனிடம், "எத்திசை, எத்தனை விநாடி என்பதையும் சேர்த்துக் கேள்" என்று அப்போது சொல்லலாம். விக் ஊரார் ஒரு துறைமுகத்தையும், ராயபுரத்து மீனவர் தம் கரையையும், சீனிஷ் நகரத்தார் பெரும் பொருளையும் இழந்து கற்ற பாடத்தை, அம்மாணவன் ஒரு தட்டு நீரில் கற்றுக்கொள்வான்.